சிரிப்பு எடுக்காமல் எழுந்திருக்க மாட்டார்

என் இடுப்பு இன்றைக்கும் நேராக நிற்க மறுக்கிறது என்றால் அதற்கு ஒரே காரணம் பஞ்சவர்ணம் அக்காதான். அயனம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில், ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டு, புழுக்கத்தில் வெந்துகொண்டு, அந்த அம்மாளைப் பெட்ஷீட்டில் போட்டு ஹாலிலிருந்து படுக்கையறைக்கும் படுக்கையறையிலிருந்து சமையலறைக்கும் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். நன்றாக உயிரோடு இருக்கிற, கை கால் திடமாக உள்ள, என்னைவிட வேகமாக மாடிப்படி ஏறக்கூடிய ஒரு பெண்மணியை! ஏன் தூக்கினாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கும் எரிச்சல் வரும்.

அக்காவின் வேலை பிணமாக நடிப்பது. ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் வீடு. கணவர் மனோகரன் அங்கே ஃபிட்டர். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லிப் பக்கம் ஒரு சீரியல் ஷூட்டிங் நடந்தபோது அக்கா வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். இழவு வீட்டுக் காட்சி. பிணமாகப் படுத்திருந்த அம்மாள் கொசுக்கடி பொறுக்க முடியாமல் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து சொறிந்திருக்கிறாள். டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, கூட்டத்தில் நின்ற அக்கா, "அய்ய, இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? நவுருங்க, நான் படுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். அன்றைக்குப் படுத்தவர்தான். எத்தனையோ சீரியல்களில் மாமியாராகச் செத்தார், சித்தியாகச் செத்தார், ஒரு சீரியலில் அக்காவாகவும் இன்னொன்றில் சம்பந்தியாகவும் ஒரே வாரத்தில் செத்தார். மனோகரன் அண்ணன் ஒன்றைக்கூட விடாமல் டிவியில் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுவார்.

நெற்றியில் காசு ஒட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிந்து படுக்க வைத்தால் யாருக்கும் உள்ளூர ஒரு நடுக்கம் வரத்தான் செய்யும். அதற்காகவே சினிமாவில் ஒரு பழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், ஷாட் முடிந்ததும், கேமராவைப் பார்த்து வாய்விட்டு ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அப்போது கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு படத்தில் வராது, யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் பதிவாகிவிட்டால் அந்தச் சாவு பொய். பதிவாகாவிட்டால் அது கூடவே வீட்டுக்கு வரும்.

மற்றவர்கள் இதை ஒரு சாஸ்திரத்துக்குச் செய்வார்கள். அக்காவுக்கு அது சட்டம். முன்பு ஒரு தடவை எவனோ ஒருவன் கேமராவை அணைத்துவிட்டு, "சும்மா சிரிங்கம்மா, ஓடுது" என்று ஏமாற்றியிருக்கிறான். அந்த வாரமே மனோகரன் அண்ணன் பைக்கோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதிலிருந்து அக்கா கேமராவின் சிவப்பு விளக்கைக் கண்ணால் பார்க்காமல் உதட்டை அசைக்க மாட்டார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான், நானே தேடிப் போய், எங்கள் படத்துக்குக் கூட்டிவந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படத்தின் டைரக்டர் ஸ்ரீநாத். அம்பத்தூரில் ஐடி வேலையில் இருந்தவன். வேலையை விட்டுவிட்டுப் பேய்ப்படம் எடுக்கக் கிளம்பினான். நான் அவனுக்கு இணை இயக்குநர். கதை இதுதான். மேல்வீட்டு அத்தை இறந்துபோகிறாள். ஒரு பெண் தன் வீட்டுக்குத் திரும்பி வந்தால் அந்த அத்தையின் பிணம் இவள் வீட்டு ஹாலில் கிடக்கிறது. அலறிக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடினால் அங்கேயும் கிடக்கிறது. சமையலறைக்கு ஓடினால் அங்கேயும். கடைசியில் படியிறங்கி, கேட்டைத் தாண்டி, ஏரிக்கரை வெயிலில் போய் நிற்கிறாள். முழுப் படமும் ஒரே டேக். நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது.

"வெட்டினா ஆடியன்ஸ் தெம்பாயிடுவான்டா நிர்மல். பிணத்தைத் தூக்கி வச்சுட்டுத் திரும்ப எடுத்திருப்பாங்கன்னு நினைச்சுக்குவான். வெட்டே இல்லைன்னா, இது எப்படி இங்க வந்துச்சுன்னு யோசிப்பான் பாரு, அந்த யோசனைதான் பயம்" என்றான் ஸ்ரீநாத்.

நல்ல யோசனைதான். நானும் கைதட்டினேன். கேமரா பெண்ணின் பின்னால் போகும்போது பிணம் எழுந்து, வேறு வழியாக ஓடி, அடுத்த அறையில் படுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதானே?

ஒத்திகையில் கேமரா திரும்பியதும், "அக்கா, ஓடுங்க!" என்றேன்.

அக்கா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "இன்னா தம்பி, வெளையாடுறியா? சிரிப்பு எடுக்காம எப்புட்றா எழுந்துப்பேன்?"

ஸ்ரீநாத் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பொறுமையாக விளக்கினான். "அக்கா, இது ஒரே ஷாட். கட் ஆகவே இல்ல. ஷாட் முடிஞ்சாத்தானே சிரிப்பு?"

"நீ கட்டு பண்ணு, பண்ணாத. அது உன் இஷ்டம். என் மூக்குல பஞ்சு வெச்சா நான் பொணம். பொணம் எழுந்து ஓடுமா நைனா?"

"பேய்ப்படம்க்கா! ஓடும்!"

"அப்ப பேய்க்கு வேற ஆளப் பாத்துக்கோ."

பார்த்தோம். வேலப்பன்சாவடிக் கல்லூரி ஒன்றின் நாடகக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நெற்றியில் காசை ஒட்டும்போது அவள் அம்மா வீடியோ காலில் வந்து போட்ட கூச்சலில் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போனாள். வேறு யாரும் வரவில்லை. திரும்ப அக்காவிடமே போய் நின்றோம். கடைசியில் முடிவானது, நான் முதலில் சொன்ன கொடுமை. பிணம் எழுந்திருக்காது. நானும் ஆர்ட் அசிஸ்டன்ட் அபிஷேக்கும் அதைப் பெட்ஷீட்டோடு தூக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வெறுங்காலோடு, மூச்சு வாங்குவது மைக்கில் விழாமல் அறை அறையாக ஓட வேண்டும். அக்கா ஒல்லி இல்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குமேல் எதையும் கேட்க முடியாதபடி முதல் நாளே அவர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். மனோகரன் அண்ணனுக்கு இதய வால்வு பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "இந்த நேரத்துல ஒரு சிரிப்புகூடப் பாக்கி நிக்கக் கூடாது தம்பி. அப்புறம் அவருக்கு ஏதானா ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கேட்டார்.

ஷூட்டிங் ஆரம்பித்தது. ஐயோ, அதை ஷூட்டிங் என்று சொல்லவே கூடாது. முதல் டேக்கில் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அடுத்ததில் கீழ்வீட்டில் குக்கர் விசில். அதற்கடுத்த டேக்கில் கதாநாயகி கனிமொழி அலறிய அலறலில், எதிர்வீட்டில் ஐடி மீட்டிங்கில் இருந்தவர் ஹெட்போனோடு கதவைத் தட்டி, "என் கிளையன்ட் போலீஸைக் கூப்பிடணுமான்னு கேக்கறான் சார்!" என்று சண்டைக்கு வந்தார். இன்னொன்றில் கேமராமேன் கிரண் பாத்ரூம் மிதியடியில் வழுக்கினான். சத்தம் வரக்கூடாது என்று ஃபிரிட்ஜை அணைத்துவைத்ததில் வீட்டுக்குச் சொந்தக்காரரான ஸ்ரீநாத்தின் மாமா வைத்திருந்த மீன் நாறி, அந்த நாற்றத்தில் கனிமொழிக்குத் தும்மல் வந்தது. எல்லாம் படம் முடியப் போகிற நேரத்தில்தான் நடக்கும். ஆரம்பத்தில் நடந்தால்தான் என்னவாம்?

இத்தனையிலும் அக்காவால் மட்டும் ஒரு டேக்கும் கெடவில்லை. கெடாமல் இருந்து என்ன புண்ணியம்? ஒவ்வொரு தடவை ஸ்ரீநாத் "கட்" என்று கத்தும்போதும், சமையலறைத் தரையிலிருந்தோ படுக்கையறையிலிருந்தோ குரல் வரும்.

"தம்பி, சிரிப்பு!"

"அக்கா, டேக்கே கேன்சல்! இது படமே இல்ல!"

"படத்துக்குத்தான் கேன்சலு. நான் செத்தது செத்ததுதான?"

தோள்பட்டை கழன்றுபோகிற நிலையில் கிரண் மறுபடி கேமராவைத் தூக்குவான். தாடைத் துணியை அவிழ்ப்போம், பஞ்சை எடுப்போம். அக்கா சிவப்பு விளக்கை உற்றுப் பார்த்து உறுதி செய்துகொள்வார். பிறகு பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. அப்புறம் துள்ளி எழுந்து, "டீ சொல்லிகீறீங்களா?" என்று கேட்பார். எங்களுக்கு பேட்டரி போகும், நேரம் போகும், மேக்கப் மறுபடி போட வேண்டும். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் அந்த வீட்டுக்குப் பெயின்டர்கள் வருகிறார்கள். அதற்குமேல் ஒரு மணி நேரம்கூடத் தரமாட்டேன் என்று ஸ்ரீநாத்தின் மாமா சொல்லிவிட்டார். அன்றைக்குப் பார்த்துத்தானா மனோகரன் அண்ணனின் ஆபரேஷனும் இருக்க வேண்டும்? ஆஸ்பத்திரியில் தேதியை முன்னால் தள்ளிவிட்டார்கள். அக்கா வரமாட்டார், படம் அவ்வளவுதான் என்று நாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னக்கா, நீங்க அங்க இல்லாம?" என்றேன்.

"விடிகாலைல உள்ள இட்டுகினு பூட்டாங்க. நாத்தனாரு கஸ்தூரி வெளிய கீறா. நான் அங்க குந்திகினு அந்தக் கதவையே பாத்துகினு இருந்தா எனக்கே ஏதானா ஆயிடும் போல கீது. இங்க வந்தா படுக்கவாவது செய்வேன்." ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "ஆனா இன்னிக்குச் சிரிப்புல மட்டும் டபாய்ச்சீங்க, தொலைச்சுடுவேன்" என்றார்.

ஸ்ரீநாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "படம் ஏரிக்கரையில முடியும்க்கா. முடிஞ்ச உடனே கேமரா நேரா மேல வரும். நீங்க சமையலறையில அப்படியே இருங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

குப்பை வண்டி போகும்வரை காத்திருந்தோம். கீழ்வீட்டு அம்மாளிடம் கெஞ்சி அன்றைய சமையலை நிறுத்தி, நாங்களே சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம். எதிர்வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போய்த் தொலைந்தார். ஸ்ரீநாத் "ஆக்‌ஷன்" என்றான்.

என்ன சொல்வது! வந்துவிட்டது. கனிமொழி அலற வேண்டிய இடத்தில் அலறினாள். கிரண் வழுக்கவில்லை. நானும் அபிஷேக்கும் ஹாலிலிருந்து தூக்கினோம், இறக்கினோம், படுக்கையறையிலிருந்து தூக்கினோம், சமையலறையில் இறக்கினோம். பெட்ஷீட்டை உருவும்போது அக்காவின் கை என் கைமேல் பட்டது. சில்லென்று இருந்தது. அதைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்? கனிமொழி படியில் ஓட, கிரண் பின்னால் ஓட, வாட்ச்மேன் கேட்டில் குறுக்கே வராமல் தடுக்க நான் இன்னொரு படி வழியாக ஓடினேன். ஏரிக்கரை வெயிலில் கண் கூசியது. கனிமொழி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீநாத் "கட்!" என்று கத்திவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

அப்புறம் என்ன? கட்டிப்பிடித்தோம், குதித்தோம். கிரணைத் தோளில் தூக்கினோம். அவன் வலி தாங்காமல் கத்தினான். யாரோ பிரியாணி வாங்கி வந்தார்கள். கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். செல்ஃபி எடுத்தோம். கிரண் ஐஸ் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு மரத்தடியில் சாய்ந்துவிட்டான். கறுப்புத் துணிகளைக் கழற்றிச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து, ஏப்பம் விட்டுக்கொண்டே மேலே போனேன்.

வீடு இருட்டாக இருந்தது. சமையலறை மேடையில் ஒரு போன் சத்தமில்லாமல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. கீழே தரையில் அக்கா கிடந்தார். விட்டுவிட்டுப் போன இடத்தில், விட்டுவிட்டுப் போனபடியே. தாடைத் துணி அவிழவில்லை. கால் விரல் கட்டும் அப்படியே.

"அக்கா!" என்று கத்திவிட்டேன்.

கட்டிய தாடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கேமரா வந்துச்சா?"

"அக்கா, மன்னிச்சுக்கோங்கக்கா. அங்க சந்தோஷத்துல..."

"கேமரா வந்துச்சா இல்லியா?"

"இதோ வரும். எழுந்திரிங்க, போன் அடிக்குது. ஆஸ்பத்திரியிலிருந்துதான் இருக்கும்."

"தெரியும். அப்பத்திலருந்து அடிச்சிகினே கீது. கஸ்தூரிதான்."

"நான் எடுக்கவா?"

"எடுக்காத!" அந்தக் கத்தலில் நெற்றிக் காசு கழன்று விழுந்தது. "எடுக்காத தம்பி, உன் கால்ல உழுறேன். நல்ல சேதின்னா இப்பவே சிரிச்சுடுவேன், அது கேமராவுல வராது. கெட்ட சேதின்னா அப்புறம் எனக்குச் சிரிப்பே வராது. ரெண்டுமே இப்ப வாணாம். மொதல்ல கேமராவக் கொண்டா."

போன் நின்றது. மறுபடி அதிர ஆரம்பித்தது. திரையில் கஸ்தூரி என்ற பெயர் தெரிந்தது. எடுத்துப் பேசிவிடலாமா என்று கை துடித்தது. அந்த அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தபின் தொட மனசு வரவில்லை. இப்படி ஒரு பிடிவாதமா ஒரு மனுஷிக்கு! திட்டிக்கொண்டே ஓடினேன். நாங்கள் ஏறக்கூடாது என்றே லிஃப்டைக் குடியிருப்பு அசோசியேஷன் செயலாளர் பூட்டிவைத்திருந்தார். நான்கு மாடியும் படியிறங்கி, ஏரிக்கரை வரை வெறுங்காலோடு ஓடினேன்.

"சிரிப்பா? பேட்டரி காலிடா. நாளைக்கு எடுத்துக்கலாம்னு சொல்லு" என்றான் ஸ்ரீநாத், வாயில் எலும்போடு.

எனக்கு வந்ததே கோபம்! "நாளைக்கு வரைக்கும் அந்தம்மா பொணமாவே கிடக்கணுமா? அங்க அவங்க புருஷன் இருக்காரா இல்லையான்னு தெரியாம கிடக்கறாங்கடா! சத்தியம் பண்ணினது யாரு, நானா?"

ஸ்ரீநாத் எலும்பைத் துப்பிவிட்டுக் கையைத் துடைத்தான். கிரண்தான் ஐஸை எறிந்துவிட்டு எழுந்தான். வாட்ச்மேன் அறையில் சார்ஜில் போட்டிருந்த இன்னொரு பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு, கேமராவை நான் தூக்கிக்கொள்ள, படியேறினோம்.

அக்காவின் தாடைத் துணியை அவிழ்த்தேன். மூக்குப் பஞ்சை எடுத்தேன். கிரண் மண்டியிட்டுக் கேமராவை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். தலைக்குமேல் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

சிரித்தார். வழக்கம்போல, பல்லெல்லாம் தெரிய. எத்தனையோ தடவை எனக்கு எரிச்சல் மூட்டிய அதே சிரிப்பு, ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. எந்தச் சேதி வந்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு மனுஷியால் அப்படிச் சிரிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

பிறகு எழுந்து உட்கார்ந்து, கால் கட்டைக்கூட அவிழ்க்காமல் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

கஸ்தூரியின் குரல் எங்களுக்கும் கேட்டது. "எங்க அண்ணி பூட்ட? எவ்ளோ நேரமா அடிக்கிறேன்! ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்ச்சு. டாக்டரு சொல்லிட்டாரு. கண்ணாடி வழியா பாத்துட்டு வந்தேன், மூச்சு நல்லா உட்டுகினு கீறாரு."

போன் மடியில் விழுந்தது. அப்புறம் வெடித்து அழுதார் பாருங்கள், எந்த இழவு வீட்டுக் காட்சியிலும் நான் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. மார்பில் அடித்துக்கொண்டு, "அய்யோ மாமா, அய்யோ மாமா" என்று. நானும் கிரணும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

நடுவில் சட்டென்று நிமிர்ந்தார். "டேய், அந்த லைட்டு இன்னும் எரியுதே! ஓடிகினா கீது?"

கிரண் திருதிருவென்று விழித்தான். அணைக்க மறந்துவிட்டிருந்தான்.

"அழுவுறத எடுத்துட்டியேடா பாவி! கடைசியா சிரிப்புதான் இருக்கணும். திரும்ப எடு."

தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா மறுபடி படுத்தார். கேமராவைப் பார்த்தார். உதடு விரிந்தது, உடனே கோணிக்கொண்டது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "இரு இரு, திரும்ப" என்றார். மறுபடியும் அழுகைதான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எடு" என்றார். பாதிச் சிரிப்பில் விக்கல். எந்த டேக்கிலும் ஒரே தடவையில் பிசகாமல் செத்தவர், நல்ல சேதி கேட்டபின் ஒரு சிரிப்புக்கு டேக் மேல் டேக் வாங்கினார்.

ஸ்ரீநாத் மூச்சிரைக்கப் படியேறி வந்து வாசலில் நின்றான். "இன்னுமாடா முடியலை?" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு ஜன்னல் துணியை விலக்கு. அக்கா மூஞ்சில வெளிச்சம் பத்தலை" என்றேன்.